பாடும் கூலியும்

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் உழைப்பைக் குறிக்க இரண்டு சொற்கள் இருந்தன. ஆபீசில் கிராணியின், அதாவது குமாஸ்தாவின், கணக்குப் புத்தகத்தில் இருந்த சொல் கூலி. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் பொம்பளைகள் வாயில் புழங்கிய சொல் பாடு. அந்த மலையில் பிறந்து, அங்கேயே தமிழ்ப்பள்ளி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தோட்டத்தின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் முதல் சொல்லின் வழியாகவே எழுதியிருக்கிறார்கள். எத்தனை பேர் வந்தார்கள், என்ன கூலி வாங்கினார்கள், எத்தனை ஏக்கர் திருத்தினார்கள் என்பதெல்லாம் அதில் கிடைக்கும். இரண்டாவது சொல்லின் வழியாகவும் அதை எழுத வேண்டும் என்பது என் எண்ணம்.

அப்பாவின் அம்மாவை நாங்கள் அப்பாயி என்போம். முசிறிப் பக்கத்து வழக்கம் அது. அவர் வாயில் பாடு என்ற சொல் வராத நாள் கிடையாது. ஊரிலிருந்து யாராவது வந்தால் "பாடு எப்புடி?" என்று கேட்பார். பிழைப்பு எப்படி என்று அர்த்தம். மகனை சிங்கப்பூருக்கு அனுப்பிய பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொன்னால் "அவ பாடு தேவல" என்பார். மழை நாளில் காலில் ஏறும் அட்டை "பாடாப் படுத்துது". கோபித்துக்கொண்டு போகிற பேரனை "அவம் பாட்டுக்குப் போறான், வுடு". கப்பலேறி வந்த கதையைக் கேட்டால் "வயித்துப்பாட்டுக்கு வந்தோம்" என்ற ஒரு வரியோடு முடித்துக்கொள்வார். பள்ளியில் எனக்கு 'உழைப்பே உயர்வு தரும்' என்று கட்டுரை எழுதக் கொடுத்தார்கள். அதை நான் உரக்கப் படித்தபோது அப்பாயி கேட்டுவிட்டு, "படிச்சவங்க பாட்ட அப்புடித்தான் சொல்லுவாங்களா?" என்றார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அதில் பாடு என்ற சொல்லுக்கு நேரே இருக்கும் பொருள்களைப் படித்தால் வியப்பாக இருக்கும். நிகழ்ச்சி, அனுபவம், உழைப்பு, தொழில், வருத்தம், விழுகை, கேடு, சாவு, தூக்கம், ஓசை, பெருமை, இடம், பக்கம் என்று அடுக்கிக்கொண்டே போகிறது. ஒரு மனிதன் பிறந்து, வேலை செய்து, வருந்தி, களைத்துத் தூங்கி, ஒருநாள் செத்துப்போகும் வரை எல்லாமே அதில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் வேர் 'படு' என்ற வினை. விழுவது, நேர்வது, மேலே வந்து உறுவது என்று அதற்குப் பொருள். பொழுது பட்டது, அடி பட்டது, கண்ணில் பட்டது, கடன் பட்டது. இவற்றில் எதையும் நாம் நினைத்துச் செய்வதில்லை. நம்மேல் வந்து சேர்கிறது.

அதனால்தான் வேலையைச் 'செய்ய' முடிகிறது, பாட்டைச் செய்ய முடிவதில்லை. பாடு பட மட்டுமே முடியும். பெயரும் வினையும் ஒரே வேரிலிருந்து வந்து, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. எழுத்துத் தமிழ் விரும்பும் 'உழைப்பு'கூட இந்தத் துன்பத்திலிருந்து தப்பியதல்ல. பழந்தமிழில் உழத்தல் என்றால் வருந்துதல் என்றும் பொருள். கிறித்தவத் தமிழிலோ பாடு என்ற சொல் இன்னும் ஒரு படி மேலே ஏறியிருக்கிறது. சிலுவைக்குப் போகும் வழியில் இயேசு அனுபவித்ததற்குத் 'திருப்பாடுகள்' என்று பெயர். தோட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் தவக்காலத்தில் அதை வாசிக்கும்போது, கொழுந்துக் கூடை சுமக்கிற பெண்ணுக்கு அந்தச் சொல் அந்நியமாக இருந்திருக்காது.

மற்ற மொழிகளும் இப்படித்தான் வந்திருக்கின்றன. பிரெஞ்சில் வேலையைக் குறிக்கும் 'திரவாய்', மூன்று கழிகளை வைத்துச் செய்த ஒரு சித்திரவதைக் கருவியின் லத்தீன் பெயரிலிருந்து பிறந்தது என்பது பெரும்பாலான மொழியறிஞர்களின் கருத்து. லத்தீன் 'லபோர்' உழைப்பையும் துன்பத்தையும் சேர்த்தே குறித்தது. ஆங்கிலத்தின் 'லேபர்' அதன் வழிவந்தது, பிரசவ வலிக்கும் அங்கே அதே பெயர். நேப்பாளியில் கடினமாக உழைப்பதை 'துக்க கர்னு' என்கிறார்கள், துக்கம் செய்வது என்று சொல்லுக்குச் சொல் அர்த்தம். வங்காளத்தில் 'கஷ்ட' என்ற சொல் அதே வேலையைச் செய்கிறது. இந்த இரண்டு மொழிகளையும் நான் தேடிப் போய்க் கேட்கவில்லை. இன்று கேமரன் மலைச் சரிவுகளில் அவை கொழுந்து வெட்டும் ஆட்களின் மொழிகள். அதைப் பிறகு சொல்கிறேன்.

மலையின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1885ல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்தப் பீடபூமியைப் பற்றிக் குறிப்பு எழுதினார். அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் போலப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1925ல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் மேலே வந்து பார்த்துவிட்டுப் போன பிறகுதான் இதை ஒரு மலைவாசத்தலமாக்கும் திட்டம் சூடு பிடித்தது. பேராக்கின் தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டருக்குக் காட்டைக் குடைந்து ரோடு போட்டார்கள். 1930களின் தொடக்கத்தில் அந்த ரோடு முடிந்தது. இன்றைக்கும் அந்த வளைவுகளில் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வருகிறார்கள். அந்த ரோட்டை வெட்டியவர்கள் நடந்து ஏறினார்கள்.

1929ல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் இங்கே 'போ' என்ற பெயரில் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அவருக்குத் துணையாக வந்த ஏ. பி. மில்ன் இலங்கையில் தேயிலை போட்டுப் பழகியவர். செங்குத்தான காட்டுச் சரிவைத் திருத்த அவர்களிடம் இருந்தது ஒரு ஸ்டீம் ரோலரும், கோவேறு கழுதைகளும், கோடாரி மண்வெட்டியோடு ஆட்களும்தான் என்று அந்தக் கம்பெனியின் வரலாறே சொல்கிறது. ரஸ்ஸல் 1933லேயே இறந்துபோனார். அதே ஆண்டு தொடங்கிய பாரத் நிறுவனம் இன்றைக்குக் கேமரன் வேலி என்ற பெயரில் தேயிலை விற்கிறது. வடக்கே புளூ வேலி தோட்டம். இப்படி உலகப் பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த காலத்தில், ரப்பர் விலை விழுந்து கீழ்நாட்டுத் தோட்டங்களில் ஆட்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த வேளையில், மேலே தேயிலை துளிர்த்தது.

வந்தவர்களை அழைத்துவந்தது கங்காணி. மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910லேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. அதன் இடத்தில் கங்காணி முறை முழுதாக வந்து உட்கார்ந்தது. தோட்டத்திலேயே வேலை செய்த ஒருவர் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் போவார். சொந்தம், பந்தம், பக்கத்துத் தெரு என்று ஆள் சேர்ப்பார். ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ முகாம், மருத்துவச் சோதனை, பிறகு கப்பல். ரஜூலா என்ற கப்பலின் பெயர் மலேசியத் தமிழர் வீடுகளில் ஒரு பெரியம்மாவின் பெயரைப்போலப் புழங்கியது. எங்கள் தாத்தாவும் அப்பாயியும் அப்படித்தான் வந்தார்கள். கங்காணி தாத்தாவுக்கு மாமன் முறை. அதனால் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாமல் போயிற்று என்று அப்பாயி சொல்வார். கங்காணி முறையின் சூட்சுமமே அதுதான். உறவையே கயிறாக்கிக் கட்டியது அது. ஆளைக் கட்டிப்போட ஒப்பந்தக் காகிதம் தேவைப்படவில்லை.

விடியும் முன் மணி அடிக்கும். எல்லோரும் பெரட்டுக் களத்தில் வந்து நிற்க வேண்டும். பட்டாளத்து 'பரேட்' தோட்டத்துக்கு வந்து பெரட்டு ஆகிவிட்டது. கிராணி பேர் கூப்பிடுவார், பதில் சொன்னால் செக்ரோல் என்ற பதிவேட்டில் பேர் ஏறும். பேர் ஏறினால்தான் அன்றைய கூலி. சம்பளம் வாங்கும் நாளில் ஒரு மனிதன் அந்த மாதம் பட்டதெல்லாம் அந்தப் பேருக்கு எதிரே விழுந்த கோடுகள்தான்.

கூலி எவ்வளவு? 1920களின் பிற்பகுதியில் அரசு சில வட்டாரங்களுக்கு நியமக் கூலி விதித்தது. கிள்ளான் போன்ற எளிதில் போய்வரக்கூடிய இடங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பகாங்கின் உள்வட்டாரங்கள் சிலவற்றில் சாமான் விலையும் சீக்கும் கூடுதல் என்பதால் ஆணுக்கு 58, பெண்ணுக்கு 46. மந்தம் வந்ததும் இதெல்லாம் சரிந்தது. 1936 இறுதியில் இந்திய அரசு அனுப்பி வி. எஸ். சீனிவாச சாஸ்திரி மலாயா வந்து தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். 1937ல் வந்த அவருடைய அறிக்கை, பழைய 50, 40 கூலியைத் திரும்பக் கொடுக்க வேண்டும், கங்காணி மூலம் ஆள் பிடிப்பதை நிறுத்த வேண்டும் என்றது. மறுபடியும் கூலியைக் குறைக்கும் பேச்சு வந்ததும், 1938 நடுவில் இந்திய அரசு உதவிக் குடியேற்றத்தையே தடுத்துவிட்டது. அதற்குப் பிறகு அப்பாயியின் தம்பி வரவே இல்லை.

ஐம்பதும் நாற்பதும் என்ற அந்த விகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காடு திருத்தி, குழி வெட்டி, ரோடு போடுகிற வரையில் ஆண்களின் வேலைதான் முன்னால் இருந்தது. செடி நிமிர்ந்து கொழுந்து வந்ததும் தோட்டத்தின் வருமானம் முழுவதும் பெண்களின் விரல் நுனிக்கு வந்துவிட்டது. ஆனாலும் அந்த விகிதம் பல வருஷம் அப்படியே இருந்தது. தேயிலைத் தோட்டத்து வரலாற்றில் இதைவிடப் பெரிய அநியாயம் எனக்குத் தெரியவில்லை.

கொழுந்து பறிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கே அந்த வேலையின் நுட்பம் தெரியும். ரெண்டு இலை, ஒரு மொட்டு. இழுக்கக் கூடாது, இழுத்தால் நார் கிழியும். நகத்தால் வெட்டக் கூடாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் காம்பை வைத்து ஒரு சின்ன மடக்கு, அவ்வளவுதான். 'டக்' என்று ஒடியும். ஒடித்ததை உள்ளங்கையில் அமுக்கிப் பிடிக்கக் கூடாது. கைச்சூட்டில் இலை கசங்கினால் சிவந்துவிடும், ஃபேக்டரிக்குப் போகும் முன்பே புளிக்கத் தொடங்கிவிடும். கை கொள்ளும் அளவு சேர்ந்ததும் தோளுக்கு மேலே பின்னால் வீச வேண்டும், கூடையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. இரண்டு கையும் தனித்தனியாக ஓடும். செடித் தலை மேசைபோல ஒரே மட்டமாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு நீளக் குச்சியை மேலே கிடத்தி மட்டம் பார்ப்பார்கள். இத்தனையும் சரிவில், ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நின்றுகொண்டு.

அப்பாயியின் வலது ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பில் கருப்பாக ஒரு கோடு இருந்தது. தேயிலைக் கறை. வெட்டுக்குள் இறங்கி, ஆறி, திரும்ப வெட்டுப்பட்டு, திரும்பக் கறை ஏறி நிலைத்துப்போனது. புளி போட்டுத் தேய்த்தாலும் எலுமிச்சை போட்டுத் தேய்த்தாலும் போகாது. கல்யாண வீடுகளில் சாப்பிட உட்கார்ந்தால் இலையில் அந்த விரலை மடக்கிக்கொண்டு சாப்பிடுவார். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆன பிறகும் அந்தக் கோடு இருந்தது.

மாலையில் நிறுவை. பச்சைக் கொழுந்து நாலரை, ஐந்து கிலோ சேர்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலை கிடைக்கும் என்பதால் தராசுக்குப் பெரிய மரியாதை. அப்பாயி வேலை பார்த்த தோட்டத்தில் கூடைக்கு ஒரு கழிவு, மழை நாளில் ஈரத்துக்கு ஒரு கழிவு, முற்றல் இலை கலந்திருந்தால் அதற்கும் ஒன்று. ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பது என்பது தராசுக்காரனின் மனதைப் பொறுத்தது. இந்த மலையில் மழை இல்லாத மாதம் ஏது? "நனைஞ்சது நான், கழிச்சது கொழுந்துல" என்று அப்பாயி சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு இருக்காது. கணக்குப் புத்தகத்தில் எடை ஏறியது. நனைந்த உடம்பும், உள்ளே இறங்கிய குளிரும், தூளியில் விட்டுவந்த பிள்ளையும் எந்தக் கட்டத்திலும் ஏறவில்லை. கூலிக்கும் பாட்டுக்கும் நடுவில் இருந்த தூரம் அதுதான்.

கூலி என்ற சொல்லுக்கு வருகிறேன். தமிழ்ச் சொற்களில் உலகத்தில் இவ்வளவு தூரம் போய், இவ்வளவு அடிபட்ட சொல் வேறு இல்லை.

அது பழைய சொல். திருக்குறளின் 62ஆவது அதிகாரத்துக்கு ஆள்வினையுடைமை என்று பெயர். சோர்வில்லாத முயற்சியைப் பற்றியது. அதில் 619ஆவது குறளில் கூலி வருகிறது. விதி கைவிட்டாலும், உடம்பு வருந்தியதற்கு உண்டான கூலியை முயற்சி கொடுத்தே தீரும் என்பது அதன் கருத்து. அங்கே கூலி என்பது மனிதனின் பெயராக இல்லை. உழைத்த உடம்புக்குச் சேர வேண்டிய உரிமையாக இருக்கிறது. திருவிளையாடற் புராணத்தில் வைகைக் கரை உடைந்தபோது வந்திக் கிழவியின் பங்கை அடைக்க ஆளாக வந்தவர் சிவபெருமான். உதிர்ந்த பிட்டுதான் கூலி. மண்ணைச் சுமந்து, பிட்டைத் தின்று, தூங்கி, பாண்டியனிடம் பிரம்படி வாங்கினார். அந்த அடி உலகத்தில் எல்லோர் முதுகிலும் பட்டது. மதுரையில் ஆவணி மூலத்தில் இன்றும் பிட்டுத் திருவிழா நடக்கிறது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் இந்தக் கதையைக் கூத்தாகப் போடும்போது, சாமி தலையில் கூடையோடு வரும் இடத்தில் பொம்பளைகள் எழுந்து கும்பிடுவார்கள். கூலிக்கு வேலை செய்வது தலை குனிய வேண்டிய காரியம் என்ற எண்ணம் அந்தக் கும்பிடுக்குள் இல்லை.

ஐரோப்பியக் கப்பல்கள் வந்த பிறகுதான் சொல் திரும்பியது. போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் வாயில் அது சுமை தூக்குகிறவனின் பெயராயிற்று. 1830களில் பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறை ஒழிந்து, கரும்புத் தோட்டங்களுக்கு வேறு ஆட்கள் வேண்டியிருந்தபோது மொரீஷியஸ், கயானா, நேட்டால், ஃபிஜி என்று எங்கெல்லாம் நம்மவர்களை ஏற்றினார்களோ அங்கெல்லாம் அந்தப் பெயரும் கூடவே போனது. வாங்குகிற காசின் பெயரை வாங்குகிற மனிதன்மேல் ஒட்டிவிட்டார்கள். தமிழ் பேசுகிறவனுக்கு மட்டும்தான் அதில் நடந்த மோசடி தெரியும்.

சொல் எங்கிருந்து வந்தது என்பதில் வெள்ளைக்காரப் பண்டிதர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. எச். எச். வில்சன் 1855ல் வெளியிட்ட சொற்களஞ்சியத்தில் தமிழ்க் கூலியையே மூலமாகக் கொண்டார். 1886ல் வந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி குஜராத்தின் கோலி என்ற சமூகத்தின் பெயரை முன்னால் வைத்தது, தமிழ்ச் சொல்லின் செல்வாக்கையும் ஒத்துக்கொண்டது. அந்த அகராதியைச் செய்த இருவரில் ஒருவர் ஏ. சி. பர்னல். தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர், சரசுவதி மகால் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். நாகப்பட்டினத்துக்கு ஆள் ஏற்றப் போகும் வண்டிகள் அவர் ஜில்லா வழியாகத்தான் போயின. இரண்டு ஊற்றும் சேர்ந்தே இந்தச் சொல் பெருகியிருக்கலாம். எனக்கு ஒன்று மட்டும் உறுதி: மலாயா வந்த தமிழனைக் கூலி என்று கூப்பிட்டபோது அவன் காதில் கோலி விழவில்லை. அவனுடைய சொந்தச் சொல்லே வேறு ஆள் வாயிலிருந்து திரும்பி வந்து விழுந்தது.

இதில் எனக்குப் பிடித்த பகுதி சீனம். எங்கள் பள்ளிக்குக் கீழே முட்டைக்கோஸ் போட்டிருந்த சீனப் பெரியவர் ஒருவர், இந்தச் சொல்லைத் தங்கள் எழுத்தில் எப்படி எழுதுவது என்று சாக்பீஸால் தரையில் எழுதிக் காட்டினார். ஒலிக்காக எடுத்துக்கொண்ட இரண்டு எழுத்துகள் அவை. முதல் எழுத்துக்குக் கசப்பு, துன்பம் என்று பொருள், இரண்டாவதற்கு வலு என்று பொருள். துன்பமும் வலுவும் சேர்ந்தால் 'கூலி'. ஆங்கிலம் கூலியைக் காசிலிருந்து ஆளுக்கு மாற்றியது. சீனம் அதே ஒலிக்குள் பாட்டை எழுதி வைத்தது. அப்பாயிக்கு நான் இதைச் சொல்ல வாய்ப்பில்லாமல் போயிற்று. சொல்லியிருந்தால் அந்தச் சீனப் பெரியவருக்கு மறுநாளே ஒரு தூக்கு நிறையத் தோசை போயிருக்கும்.

இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பான்காரர்கள் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைச் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். பல்லாயிரம் பேர் அங்கேயே மடிந்தார்கள். அதை ஒரு பத்தியில் சொல்லிவிட முடியாது, இங்கே நான் முயலவும் இல்லை.

யுத்தத்துக்குப் பிறகு சங்கங்கள் வந்தன. 1954ல் பி. பி. நாராயணன் தலைமையில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. கூலி என்ற சொல்லைக் காகிதங்களிலிருந்தும் மேடைகளிலிருந்தும் விரட்டியதில் அந்தத் தலைமுறைக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் இடத்தில் 'தொழிலாளி' வந்தது. மலேசியத் தமிழ்ப் பத்திரிகைகளோ இன்னொரு சொல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டன: பாட்டாளி. தோட்டப் பாட்டாளி, பால்மரப் பாட்டாளி, தேயிலைப் பாட்டாளி. பாடு படுகிற ஆள். லயத்து வாசலில் புழங்கிய சொல் ஒருவழியாக மேடைக்கும் அச்சுக்கும் ஏறியது. அப்பாயி தமிழ் முரசைக் கையில் வைத்து அந்தச் சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்ததும், "பாட்டாளின்னா நம்மளயா?" என்று அப்பாவைக் கேட்டதும் எனக்கு நினைவிருக்கிறது.

ஆனால் பேர் உயர்ந்த அளவுக்கு நிலை உயரவில்லை. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் 1968ல் வந்து, அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் விழித்தார்கள். படிவம் நிரப்பத் தெரியாமலோ, பிறப்புப் பத்திரம் இல்லாமலோ குடியுரிமை வாங்காமல் விட்டுப்போனவர்கள் அவர்கள். நாடு முழுக்கப் பல குடும்பங்கள் கப்பலேறித் திரும்பின. எங்கள் லயத்திலும் மூன்றாவது வீடு காலியானது. அந்த வீட்டுக்காரர் கவாத்து வெட்டுவதில் பேர்போனவர். ஊரில் அவருக்கு நிலமும் இல்லை, சொந்தமும் மிச்சமில்லை. செக்ரோலில் அத்தனை வருஷம் ஏறிய பேர் அவர் இந்த நாட்டு ஆள் என்பதற்குச் சாட்சியாக நிற்கவில்லை.

எழுபதுகளுக்குப் பிறகு கைப்பறிப்பு குறைந்து கத்தரி வந்தது. கத்தரியோடு ஒரு பை, வெட்ட வெட்ட அதில் விழும். பிறகு இரண்டு பேர் செடி வரிசைக்கு இரு பக்கமும் பிடித்துக்கொண்டு நடக்கும் மெஷின். கையால் பறித்ததைப்போலப் பல மடங்கு இலை ஒரே நாளில் சேர்கிறது. விரலில் கறை விழுவதில்லை. தோளும் இடுப்பும்தான் போகின்றன, மெஷினின் அதிர்வு ராத்திரி படுத்த பிறகும் கையில் ஓடிக்கொண்டிருக்கும் என்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். சரிவுகளில் இப்போது நேப்பாளிகளும் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியர்களும் நிற்கிறார்கள். 'துக்க' என்பதையும் 'கஷ்ட' என்பதையும் நான் கேட்டது அவர்களிடம்தான், டீ குடிக்கும் இடைவேளையில், எங்கள் எல்லோருக்கும் பொதுவான கடைத்தெரு மலாயில். 2013ல் இந்த நாட்டில் முதல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி, அதாவது ரிங்கிட். 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகை. அப்பாயி இதற்குத்தான் முதலில் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் இந்த ஆட்களிடம் பேசினால் ஏஜெண்டுக்குக் கட்டிய கடன், பெர்மிட், ஊரில் அடகு வைத்த நிலம் என்று நாகப்பட்டினத்துக் கதைகள் வேறு மொழியில் வருகின்றன.

சுற்றுலா வருகிறவர்கள் சுங்கை பாலாஸ் தோட்டத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று தேநீர் குடித்துக்கொண்டு பச்சை வரிசைகளைப் படம் எடுக்கிறார்கள். எடுக்கட்டும், அந்த அழகும் உண்மைதான். ஆனால் அந்த வரிசைகளைப் போட்டவர்களின் பேர்கள் பழைய செக்ரோல் புத்தகங்களில் இருந்தன. தோட்டங்கள் கைமாறும்போதும் ஆபீஸ் இடிக்கப்படும்போதும் அவை பழைய பேப்பர் விலைக்குப் போயிருக்கின்றன, மழையில் கரைந்திருக்கின்றன. மிச்சமிருப்பவை தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதைத் தோட்ட நிர்வாகங்கள் செய்யலாம், சங்கமும் கேட்கலாம்.

நம்மால் ஆகக்கூடியது ஒன்று இருக்கிறது. தானா ராத்தா, ரிங்லெட் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிகளில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் உழைப்பைப் பற்றிக் கட்டுரை கொடுக்கிறார்கள். அதற்குப் பதிலாக வீட்டில் இருக்கும் பாட்டியிடம் உட்கார்ந்து, அவர் வேலையைப் பற்றிப் பேசும்போது என்னென்ன சொற்களைச் சொல்கிறார் என்று எழுதிவரச் சொல்லலாம். கொழுந்து, கவாத்து, பெரட்டு, நிறுவை, கழிவு என்று நாலு பக்கம் தேறும். தகரப் பெட்டிகளில் பழைய சம்பளச் சீட்டு, கப்பல் டிக்கெட், சிவப்பு அட்டை வைத்திருப்பவர்கள் அவற்றை எரித்துவிடாமல், குறைந்தபட்சம் போனில் ஒரு படமாவது எடுத்துவைக்கச் சொல்லுங்கள். என் அப்பாயியின் பெட்டியில் இருந்த சீட்டுகளில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. மீதியில் மாதம், பேர், நாள், கழிவு எல்லாம் இன்னும் படிக்க முடிகிறது. அவற்றை நகலெடுக்கத் தொடங்கியிருக்கிறேன்.